பக்கத்து வீட்டுப் பாத்திரமும் எங்கள் மேய்ப்பு நாயும்

நாய் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் அனுமதி கேட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் முறையாகத்தான் தொடங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அக்காவுடையது தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர் கணவருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறார்கள். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர். நான்கு வயது மகனைப் பாலர் பள்ளி வேன் நண்பகலில் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் வந்து சேர இரண்டு மணியாகும். அந்த இரண்டு மணி நேரம் அவன் அக்காவின் வீட்டில் இருப்பான். கை கால் கழுவிவிட்டு, சோறு ஊட்டி, சில நாள் தூங்கவும் வைத்துவிடுவார். அவன் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். இதற்காக அவர் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. கேட்டால், "ரெண்டு தட்டோட மூணாவது தட்டு, அதுக்கு ஒரு கணக்கா?" என்பார்.

"நாயா? என்னா நாய்?" என்று கேட்டார்.

"ஜெர்மன் ஷெப்பர்ட், அக்கா. கொஞ்சம் பெருசுதான்."

"அல்சேஷன் சொல்வாங்களே, போலீஸ்காரங்க வச்சிருப்பாங்களே, அதுவா? உன் மகனைவிட உயரமா இருக்குமே! சரி, உன் வீடு, உன் நாய். என்கிட்ட வந்து பெர்மிஷன் கேக்கிறே, நான் என்ன இந்தத் தாமான் வீடுங்களுக்கெல்லாம் தலைவரா?"

சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "ஈரம் மட்டும் படாம பாத்துக்கம்மா. அதோட எச்சி எங்க சாமான்ல பட்டா எங்களுக்குக் கழுவுற முறை ஒண்ணு இருக்கு. ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கரைச்ச தண்ணியில. அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா பட்டுச்சுன்னு எங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

நான் நிறைய வாக்குக் கொடுத்தேன். மகன் நாயைத் தொட்டால் கை கழுவாமல் அவர் வீட்டுக்கு வரமாட்டான், நாய்முடி ஒட்டிய சட்டையோடு அனுப்பமாட்டேன், அவர் வீட்டுப் பாத்திரம் எதையும் தரையில் வைக்கமாட்டேன். அவர் கேட்டதைவிடக் கூடுதலாகவே சொன்னேன். எதற்கும் கூடுதலாக உறுதி கொடுப்பது என் பழக்கம். அதில் எனக்கு ஒரு நிம்மதி கிடைக்கும்.

நாய் எதற்கு வந்தது என்றும் சொல்ல வேண்டும். பின் சந்தில் யாரோ புகுந்து இரண்டு வீடுகளின் கேஸ் சிலிண்டரை, எங்கள் பேச்சில் தோம்பை, தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றிலிருந்து கணவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் நான் தூங்கவில்லை. அவரோடு வேலை செய்த ஒருவருக்கு வியட்நாமில் வேலை மாற்றம் வந்தது. மூன்று வயதுப் பெண் நாயை என்ன செய்வதென்று அவர் தவித்துக்கொண்டிருந்தார். "நாய் இருக்கிற வீட்டுக்குள்ள எவன் வருவான்? நீ நிம்மதியா தூங்கலாம் லா" என்றார் என் கணவர். எனக்காகத்தான் அந்த நாய் வந்தது. இதையும் மறைக்கக் கூடாது.

காவலுக்கு ஒரு நாய் என்றுதான் நினைத்தேன். முதல் வாரம் வாசலில் தபால்காரர் வந்து நின்றார், எரிவாயு லாரி வந்தது, குப்பை லாரி வந்தது. அது எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஆனால் என் மகன் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போனால் போதும், உடனே எழுந்து பின்னால் போகும். நான் மாடிக்குப் போனால் படியின் கீழே வந்து நின்று, மேலே ஒருமுறை, அடுப்படிப் பக்கம் ஒருமுறை என்று மாறி மாறிப் பார்க்கும். கணவர் குளியலறையில், மகன் கூடத்தில், நான் மாடியில் என்று மூவரும் மூன்று இடத்தில் இருந்தால் அதற்கு இருப்புக்கொள்ளாது. மெல்லிய குரலில் முனகிக்கொண்டு மூன்று இடத்துக்கும் நடக்கும். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் பெருமூச்சு விட்டுக் கால்களை நீட்டிப் படுக்கும். மகன் பிறந்த இத்தனை வருடத்தில் நாங்கள் மூவரும் ஒரே அறையில் எவ்வளவு குறைவாக இருந்தோம் என்பதை அந்த நாயின் பெருமூச்சை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு மாலை. மகன் மூன்று சக்கர சைக்கிளை வாசல் கேட்டை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். கேட் சாத்தித்தான் இருந்தது. நாய் அவனைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஓடி முன்னால் வந்து மறித்தது. அவன் ஒதுங்கி ஓட்டினான். அது பின்னால் வந்து அவன் குதிகாலைப் பல்லால் பிடித்தது. அவன் "ஆ" என்றான். நான் கையிலிருந்த துடைப்பத்தால் அதை அடித்தேன். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. அது ஓடவும் இல்லை, உறுமவும் இல்லை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, மகனுக்கும் கேட்டுக்கும் நடுவிலேயே நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொண்டது. அவன் காலில் ஒரு கீறல் கூட இல்லை. கொஞ்சம் எச்சில் மட்டும்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். இந்த நாயை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பதற்காகத்தான் போனேன். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. நான் மலாயில் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். போலீஸ் வேலையெல்லாம் பிறகு மனிதன் கொடுத்தது, இந்த இனம் முதலில் ஆடு மேய்க்க வந்தது என்றார். கூட்டத்திலிருந்து ஆடு விலகினால் சுற்றி வந்து மறிக்கும், கேட்காத ஆட்டின் குதிகாலை நுனிப்பல்லால் தொட்டுத் திருப்பும், அது கடி இல்லை என்றார். "இதுக்கு நீங்க குடுத்திருக்கிறது ஒரே ஒரு ஆடு. அதான் அதையே போட்டு மேய்க்குது" என்றார். தினமும் இரண்டு வேளை நடக்கவிடுங்கள், மூளைக்கு வேலை கொடுங்கள், பொருளை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள், காலைத் தொட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றெல்லாம் சொன்னார். நான் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். துடைப்பத்தைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அதன்பின் விடியற்காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு நடை, மாலை வெயில் தணிந்ததும் கடலோரமாக ஒரு நடை என்று போனோம். எதிரே வருபவர்கள் சாலையின் அந்தப் பக்கம் மாறிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் போகும் பையன்கள் "போலீஸ்! போலீஸ்!" என்று கத்துவார்கள். அந்த அடர்ந்த முடியோடு நம் ஊர் வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கும். தினமும் சீவினாலும் ஒரு பை முடி கொட்டும். கூட்டிய இடத்தை மறுபடி கூட்டுவேன். பின்கட்டில் என் கறிவேப்பிலை மரத்தடியில் கொஞ்சம் மண் தரை உண்டு. மத்தியான நேரங்களில் அங்கே குழி பறித்துக்கொண்டு குளிர்ச்சியாகக் கிடக்கும்.

மந்தையில் ஆடு குறைவு என்பதை அதுவே சரிசெய்துகொண்டது. அக்காவின் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் தங்கள் வாசலில் ஓடினால் சுவரின் இந்தப் பக்கம் அதுவும் கூடவே ஓடும். நண்பகலில் என் மகன் வேனிலிருந்து இறங்கி அவர்கள் வீட்டுக்குள் போனால், அவன் திரும்பி வரும்வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

"உன் நாய் எங்க வீட்டுச் சுவரையே மொறைச்சுப் பாக்குது" என்றார் அக்கா ஒருநாள். "எங்கள்ல யாரு என்னா தப்புப் பண்ணோம்னு வந்து சொல்லச் சொல்லு."

"அது எண்ணுது, அக்கா. பிள்ளைங்க மூணு பேரும் இருக்காங்களான்னு."

"நல்லதாப் போச்சு. நான் ஒருத்தியை மறந்துட்டுக் கடைக்குப் போனாலும் அது சொல்லிடும்."

அவர் அதன் பக்கத்தில் வரமாட்டார். ஆனால் அதோடு பேசுவார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னா, சாப்டியா? வெயிலு ஜாஸ்தியா இருக்குல்ல?" என்று கேட்பார். அது காதை முன்னால் நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவு நன்றாக இருந்தது எங்கள் ஏற்பாடு.

பொங்கலுக்கு முதல் நாள். அக்கா அனுப்பிய ஆட்டிறைச்சிக் குழம்பு முந்தின நாளே தீர்ந்திருந்தது. பாத்திரத்தைக் கழுவிப் பின்கட்டு மேடையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அகலமான, கனத்த, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம். அக்கா வீட்டில் விருந்தினர் வந்தால் அதில்தான் சமைப்பார்கள். மாலை நான் வாசலில் கோலத்துக்கு இடம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், என் மகன் ஸ்டூலில் ஏறி அந்தப் பாத்திரத்தை எடுத்து, குழாயில் தண்ணீர் பிடித்து, நாயின் முன்னால் வைத்திருந்தான். அது சளப் சளப்பென்று குடித்துக்கொண்டிருந்தது.

"அதுக்குத் தாகம்மா" என்றான். பெருமையாகச் சொன்னான்.

அவன் செய்ததில் என்ன தவறு? நான்கு வயதில் ஓர் உயிரின் தாகம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அவனைப் பாராட்டியிருக்க வேண்டும். பாராட்டிவிட்டு, பாத்திரத்தை அப்படியே சுவரோரம் கொண்டுபோய், "அக்கா, இப்படி ஆகிப்போச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அவரே கழுவிக்கொண்டிருப்பார். ஒரு கிண்டலும் கிடைத்திருக்கும்.

எனக்கு அவர் முகம்தான் கண்முன் வந்தது. நான் கொடுத்த வாக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. என் மகனை இனி எப்படி நம்பி உள்ளே விடுவார் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்றும் தோன்றியது. கழுவுவதுதானே முறை? அதை நானே செய்தால் என்ன?

செய்தேன். உட்கார்ந்து ஒவ்வொரு தடவையாக எண்ணிக்கொண்டு கழுவினேன். கறிவேப்பிலை மரத்தடியிலிருந்து கைப்பிடி மண் எடுத்து வாளியில் கரைத்து, அந்தத் தண்ணீரில் ஒருமுறை. நல்ல தண்ணீரில் ஆறுமுறை. அப்புறம் என் திருப்திக்குச் சோப்புப் போட்டு இரண்டு முறை. பரீட்சைத் தாள் திருத்துவதுபோல அவ்வளவு கவனமாகச் செய்தேன். மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மாகிட்ட இதைச் சொல்லாதே, சரியா?" என்றேன்.

"ஏன்?"

"சொல்ல வேணாம். அம்மாதான் கழுவிட்டேன்ல."

மறுநாள் பொங்கல், ஆனால் இங்கே அதற்கு விடுமுறை கிடையாது, எனக்குப் பள்ளி இருந்தது. விடியுமுன் எழுந்து பொங்கல் வைத்தேன். சாமிக்குப் படைப்பதற்கு முன்பே அக்கா வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவது எங்கள் வழக்கம். படைத்ததை அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் இதை ஒழுங்காகச் செய்வேன். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார். வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. அந்த எவர்சில்வர் பாத்திரம் நிறைய நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலை நிரப்பி, சுவருக்கு மேலாகக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

பள்ளியில் மூன்றாவது பாடவேளையில் நான்காம் ஆண்டு மாணவர்கள் தோட்டத்தில் பூந்தொட்டிகளுக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி, "டீச்சர், இந்த மண்ணு நாறுது. பூனை போயிருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மண் எடுத்த கறிவேப்பிலை மரத்தடி நாய் தினமும் படுக்கும் குழி. காலையில் கதவைத் திறந்துவிட்டதும் அது முதலில் போய் ஒதுங்கும் இடமும் அதுதான். ஏழு தடவை எண்ணினேனே தவிர, எந்த மண் என்று யோசிக்கவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று நாயின் மூத்திர மண்ணைக் கரைத்து அந்தப் பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறேன்.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அக்கா சுவரோரம் நின்றிருந்தார். "உன் பொங்கலு பிள்ளைங்களுக்குக் காணவே இல்ல. ரெண்டு பேரும் சட்டியை வழிச்சு நக்கிட்டாளுங்க. அடுத்த வருஷம் ரெட்டிப்பா வை" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

அன்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டு முடித்துவிட்டார்கள், இனிச் சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்துவானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கணவரிடம் சொன்னேன். "சோப்புப் போட்டுக் கழுவிட்டல்ல? முடிஞ்சு போச்சு. சும்மா போட்டுக் கொழப்பிக்காதே லா" என்றார். அவருக்கு முடிந்துவிட்டது. எனக்கு ஒவ்வொரு நாளும் அடுப்படி ஜன்னல் வழியே அந்தப் பாத்திரம் அவர் வீட்டு அடுப்பில் ஏறுவது தெரிந்தது. அதிலிருந்து கரண்டிக்குப் போயிருக்கும், தட்டுக்குப் போயிருக்கும், எல்லாம் ஒரே தொட்டியில் கழுவியிருப்பார்கள். அவர்கள் தொழும் வீடு அது. நண்பகலில் என் மகனும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டான்.

இந்த இடத்தில் நான் செய்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நாயைக் கட்டிப்போட்டேன். முன்வாசலுக்கே விடாமல் பின்கட்டில், கறிவேப்பிலை மரத்தில். இனிமேல் எந்தத் தவறும் நடந்துவிடக் கூடாது என்று கணவரிடம் சொன்னேன். உண்மை வேறு. அது சுவரோரம் படுத்து அந்த வீட்டையே பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பாத்திரம் ஞாபகம் வந்தது.

கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய வட்டமாக அது மரத்தைச் சுற்றி நடந்தது. நாள் முழுக்க நடந்தது. ஒரு வாரத்தில் மண்ணில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிட்டது. எங்கள் குரல் கேட்டால் நிற்கும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று காதால் தேடும், மறுபடி நடக்கும். சாப்பாடு பாதியில் நிற்கும். நடைக்குப் போவதையும் மழை, தலைவலி, தாள் திருத்தும் வேலை என்று ஒவ்வொரு நாளாக விட்டேன். அதற்கு இரண்டே வேலைதான் தெரியும்: எங்களைச் சுற்றி வருவது, எங்களை எண்ணுவது. இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன், என் பொய்யைப் பார்க்காமல் இருப்பதற்காக.

மகனும் மாறினான். அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னா உன் மகன் இப்பல்லாம் எதைக் கேட்டாலும் 'அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்'ங்கிறான்? நேத்து என்னா சாப்டேன்னுதான் கேட்டேன். பெரிய லாயரு மாதிரி யோசிக்கிறான்."

நானும் சிரித்தேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவனுக்குப் புரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் மறைக்கத் தொடங்கியிருந்தான்.

அந்த வாரமே நாயைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பாலேக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், பெரிய இடம், ஓடலாம் ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். அதன் நல்லதுக்குத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை என்பதால் சொல்ல எளிதாக இருந்தது. எதிர்வீட்டு அம்மாவிடமும் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா எங்கள் கேட்டில் வந்து நின்றார். வழக்கமாகச் சுவரோரம்தான் பேசுவார். கேட்டுக்கு வந்ததே எனக்கு எதையோ சொன்னது.

"நாயை அனுப்புறியாமே?"

"ஆமாக்கா. இங்க எடம் பத்தல…"

"நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"ஐயோ, இல்லக்கா."

"எதிர்வீட்டம்மா பாசார்ல வச்சு என்கிட்ட கேக்குறாங்க, 'பாவம், வாயில்லா ஜீவன், நீங்க கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா'ன்னு. மீன்காரன் முன்னாடி. ஏன்னு கேட்டா, முஸ்லிம் வீடு பக்கத்துல இருக்கிறதால நாயை வச்சிக்க முடியலைன்னு நினைச்சிட்டாங்களாம். நீ சொன்னியான்னு கேக்கல. நீ சொல்லியிருக்க மாட்டே. ஆனா கொஞ்ச நாளா அதைப் பின்னால கட்டிப்போட்டுட்டே. என் மூஞ்சியைப் பாக்காம போறே. என் வீட்டு வாசல்ல கூட அது கண்ணுல படக் கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? நான் அதுகிட்ட பேசிக்கிட்டுல்ல இருந்தேன்?"

அவர் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவர், அன்று ஒரு கிண்டல் கூட இல்லை.

என்னை எந்த முகத்தோடு பார்க்கப் போகிறாரோ என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். என் மௌனத்தால் ஊர் அவரை எந்த முகத்தோடு பார்க்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இனி மௌனமாக இருந்தால் பழி முழுவதும் அவர்மேல்தான். நாய் போய்விட்டால் அது அப்படியே நிலைத்தும் விடும்.

கேட்டைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மகன் தண்ணீர் வைத்தது, நான் கழுவியது, மண் எடுத்த இடம், பொங்கல், அவனை வாய்மூடச் சொன்னது, நாயைக் கட்டிப்போட்டது ஏன் என்பது. வரிசை மாறி மாறித்தான் வந்தது. முடிந்ததும் அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"எந்தப் பாத்திரம்? பெருசா?"

"ஆமாக்கா."

"யா அல்லாஹ்." நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "எத்தினி வாரம்…"

"மன்னிச்சிடுங்கக்கா. தெரியாத்தனமா…"

"தெரியாத்தனமா இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, திருத்துவதுபோலச் சொன்னார். "நாங்க சாப்டதுதான் தெரியாத்தனம். எங்களுக்குக் குத்தம் இல்ல, அதை நான் பாத்துக்கிறேன். உன் மகனும் தெரியாமதான் செஞ்சான். நாய்க்கு என்னா தெரியும். தெரிஞ்சு செஞ்சது நீ ஒருத்திதான்."

"கழுவுறது ஒரு வேலையா? பத்து நிமிஷம். சொல்லியிருந்தா சிரிச்சுக்கிட்டே கழுவியிருப்பேன். நான் மதத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உன்கூடச் சண்டைக்கு வருவேன்னு நெனச்சிட்ட, பாத்தியா, அதைத்தான்…" முடிக்காமல் திரும்பி நடந்தார். தன் வீட்டுக் கேட் வரை போய்விட்டு நின்றார். "நாயை அனுப்பாதே. அனுப்பினா என்னாலதான்னு ஆயிடும்" என்றார்.

அன்று மாலை முழுவதும் அவர் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம். எந்தத் தட்டு எதோடு சேர்ந்தது என்று பிரிக்க முடியாது அல்லவா, அலமாரியையே காலி செய்து எல்லாவற்றையும் கழுவினார்கள். இரண்டு பெண்களும் உரக்க எண்ணுவது கேட்டது. "நான் வந்து உதவி செய்யட்டுமாக்கா?" என்று சுவரோரம் நின்று கேட்டேன். "வேணாம்மா" என்றார், திரும்பிப் பார்க்காமல். நான் உள்ளே வந்து தோட்டக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னேன். எதிர்வீட்டுக்குப் போய், நடந்தது என் தவறு, அக்கா ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். அந்த அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு பின்கட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். நாய் என்னிடம் நிற்கவில்லை. நேராகக் கூடத்துக்கு ஓடி, மகனைத் தேடி, அவனை முகர்ந்து, கணவரைப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் என்னிடம் வந்தது. கோபம் ஏதும் இல்லை. அது கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகனை உட்காரவைத்து, பெரியம்மாவிடம் எதையும் மறைக்க வேண்டாம், அம்மா சொன்னது தப்பு என்றேன். "அப்ப இனிமே எல்லாத்தையும் சொல்லலாமா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் சொல்லலாம் என்றேன்.

திங்கட்கிழமை பள்ளியில் இருக்கையில் நண்பகலில் என் கை போனை விடவில்லை. மகனை அக்கா உள்ளே சேர்த்துக்கொள்ளாவிட்டால் வேன்காரர் கூப்பிடுவார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மணிக்குப் போனபோது மகன் சாப்பிட்டு, முகம் கழுவி, பவுடர் பூசி உட்கார்ந்திருந்தான். அக்கா கதவைத் திறந்து அவனை அனுப்பினார். "சாப்டான். மீன் ரெண்டு துண்டு" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாடு இப்போதும் வருகிறது. ஆனால் பாத்திரத்தில் வருவதில்லை. கடையில் கட்டுவதுபோல பழுப்புத் தாளில் மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, பொட்டலமாக வருகிறது. சாப்பிட்டுவிட்டுத் தாளைக் குப்பையில் போட்டுவிடலாம். திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வாரம் கேசரி கிளறினேன். அவருக்கு எதில் கொடுப்பது என்று தெரியாமல் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். கடைக்குப் போய்க் காகிதப் பெட்டி ஒரு கட்டு வாங்கிவந்து, அங்கேயே மேசையில் வைத்துப் பிரித்து, நிரப்பிச் சுவரோரம் கொண்டுபோனேன்.

அக்கா பெட்டியைப் பார்த்தார். "எங்க இருந்தது இது?"

"இப்பதான் வாங்கினேன்க்கா. கட்டுப் பிரிச்சு நேரா இதுல போட்டேன்."

"கரண்டி?"

"அது அலமாரியில இருந்து எடுத்தது. நாய் அடுப்படிக்குள்ள வரல. கதவைச் சாத்தியிருந்தேன்."

பெட்டியின் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகளுக்குக் கொடுத்தாரா, எங்கேயாவது எடுத்து வைத்தாரா, கொட்டிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் இடத்தில் நான் இல்லை.